உதறாத சட்டை

நான்கு மணி நேரம் மரத்தில் தொங்கியதில் தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. கீழே பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரை. அதன் மேல் கிளை விழுந்து உடையக்கூடாது என்று முழ நீளத் துண்டுகளாக அறுத்து, ஒவ்வொன்றையும் கயிற்றில் கட்டி இறக்கினேன். மறுமுனையைப் பிடித்தவர் என் தங்கையின் கணவர். கயிறு மச்சான் கையில் இருந்தால் எனக்குப் பயமில்லை.

"இப்படி ஆமை மாதிரி செஞ்சா எப்பப்பா முடியும்?" என்று வீட்டு ஓனர் நாலு தடவை கேட்டுவிட்டார். எங்கள் அப்பா இந்த ஷீட்டுகளை அறுத்துக் கூரை போட்டவர். அவர் சட்டையைத் தினமும் உதறித் துவைத்த அம்மாதான், அந்த ஷீட் தூசி நுரையீரலில் படிந்து மூச்சுத் திணறிப் போய்ச் சேர்ந்தாள். அதை இவரிடம் எங்கே போய்ச் சொல்ல?

கடைசித் துண்டும் இறங்கியது. ஷீட்டில் ஒரு கீறல் இல்லை. குழாயடியில் முகம் கழுவும்போது சரக் சரக்கென்று சத்தம். நிமிர்ந்து பார்த்தேன். மச்சான் ஏணியில் நின்று, கூரையில் கிடந்த மரத்தூளையும் காய்ந்த பாசியையும் துடைப்பத்தால் கூட்டித் தள்ளிக்கொண்டிருந்தார். முகக்கவசம் கழுத்தில் தொங்கியது. வேலை பார்த்த இடத்தைக் கூட்டிக் கொடுக்காமல் அவருக்குக் கால் நகராது.

"மச்சான், நிறுத்துங்க! எறங்குங்க!"

"ஏன் கத்துறீங்க? மேல ஏறக்கூடாதுன்னீங்க, ஏறல. உடைக்கக்கூடாதுன்னீங்க, உடைக்கல."

உண்மைதான். கூட்டக்கூடாது என்று நான் சொல்லவே இல்லை. என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அவர் புருவம், தலை, சட்டை எல்லாம் வெள்ளைத் தூசி.

அப்படியே நிற்க வைத்துக் குழாயால் நனைத்தேன். ஈரத் துணிகளைப் பையில் போட்டு இறுக்கிக் கட்டினேன். ஓனர் கொடுத்த தொளதொளப் பேன்ட்டில், "ஒரு நாள் தூசிதானே மச்சான்?" என்று வழியெல்லாம் கேட்டபடி வந்தார்.

வாசலில் தங்கை கையை நீட்டினாள். "இதென்ன கோலம்? சட்டை எங்கங்க? குடுங்க, உதறி ஊற வைக்கிறேன்."

"அம்மாவும் உதறித்தானே ஊற வைப்பாங்க" என்றேன்.

தங்கை நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். உள்ளேயிருந்து அவர்கள் மகள் ஓடி வந்தாள், தினமும் போல அப்பாவின் காலைக் கட்டிக்கொள்ள. மச்சான் இரண்டடி பின்னால் போனார்.

"கிட்ட வராதடா கண்ணு. அப்பா இன்னொரு தடவ குளிச்சிட்டு வரேன்."