பணியாளர் 23

எங்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் கண்ணில் படுகிற சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு சான்றிதழ் தொங்கியது. 'தீப் பாதுகாப்புப் பயிற்சியில் சிறந்த பங்கேற்பாளர்.' வாங்கிய பன்னிரண்டு பேரில் அடியேனும் ஒருவன். அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் இருபது வருடமாகச் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறேன். அந்தப் பயிற்சியில் நான் செய்த ஒரே சாதனை, முதல் வரிசையில் உட்கார்ந்தும் தூங்காமல் இருந்ததுதான்.

என் மனைவி அதே ஆலையில் பயிற்சிப் பிரிவு எழுத்தர். நாற்பத்திரண்டு வயதில் மனிதவள மேம்பாட்டில் முதுகலை படிக்கச் சேர்ந்தாள். பட்டம் கிடைத்தால் பயிற்சி அலுவலர் பதவி கிடைக்கும்.

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதும்மா" என்று சீண்டினேன்.

"உதவுதா இல்லையான்னு பாக்கறதுதாங்க என் ப்ராஜெக்டே" என்றாள்.

எங்கள் ஆலையில் ஒரு வழக்கம் உண்டு. பயிற்சி முடிந்து கருத்துப் படிவத்தைக் கொடுத்தால்தான் டீ டோக்கன். பத்துக் கேள்விக்கும் 'மிக நன்று' கட்டத்தில் மேலிருந்து கீழே ஒரே கோடாக இழுத்துவிட்டு டீக்கு ஓடுவோம். அந்தக் கோடுகளை எல்லாம் கூட்டி, 'பயிற்சி வெற்றி, தொண்ணூற்றெட்டு சதவீதம்' என்று மனிதவள மேலாளர் ஆண்டறிக்கையில் போட்டுக்கொள்வார்.

இவள் கோடுகளை நம்பவில்லை. பயிற்சி முடிந்து மூன்று மாதம் கழித்து, நாற்பது பேரை ஒவ்வொருவராகப் பின்முற்றத்துக்கு அழைத்தாள். தகரத் தட்டில் தீ எரியும். பக்கத்தில் தீயணைப்பு சிலிண்டர் இருக்கும். அணைக்க வேண்டும், அவ்வளவுதான். அறிக்கையில் பெயர் வராது, எண் மட்டும்தான். யார் எந்த எண் என்று யாரிடமும் சொல்வதில்லை என எல்லாருக்கும் வாக்குக் கொடுத்தாள்.

என் எண் இருபத்துமூன்று. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய்க் கைப்பிடியை அழுத்தினேன். ஒன்றும் வரவில்லை. குலுக்கினேன், தட்டினேன், திட்டினேன். முதலில் பாதுகாப்பு வளையத்தைப் பிடுங்க வேண்டுமாம். அவள் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அமைதியாக எழுதிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் எகிறினேன். "கட்டின புருஷன்னுகூட பாக்கலியே நீ. கண்டும் காணாம விட்டிருக்கலாம்ல?"

"தீ அப்படி விடுமாங்க?"

இரண்டு நாள் நான் அவளோடு பேசவில்லை. நாற்பதில் ஏழு பேர்தான் அணைத்திருந்தார்கள் என்று தெரிந்தபோது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

அந்த ஏழு பேரையே பயிற்சியாளர்களாக்கினாள். வகுப்பு கிடையாது, படிவம் கிடையாது. ஷிப்ட் தொடங்கும்போது பத்து நிமிடம், அவரவர் இயந்திரத்துக்குப் பக்கத்தில், சிலிண்டர் கையில். எனக்குச் சொல்லிக்கொடுத்தது துப்புரவுப் பிரிவு அக்கா. "முதல்ல வளையம், அப்புறம் வீரம்" என்பார். மறுசோதனையில் முப்பத்தாறு பேர் அணைத்தோம்.

அவள் ப்ராஜெக்ட் அறிக்கைக்கான வாய்மொழித் தேர்வு எங்கள் பயிற்சிக் கூடத்திலேயே நடந்தது. பல்கலைக்கழகத்திலிருந்து தேர்வாளரம்மா வந்திருந்தார். சோதனையில் கலந்துகொண்ட நாங்கள் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தோம். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனிதவள மேலாளர் அறிக்கையைப் புரட்டினார்.

"இருபத்துமூணாம் நம்பர் சான்றிதழ் வாங்கினவராம். ஆனா வளையத்தைப் பிடுங்கத் தெரியலையாம். இப்படி ஒரு ஆளே இருக்க முடியாது. பேரைச் சொல்லுங்க."

"பேர் சொல்றதில்லன்னு வாக்குக் கொடுத்திருக்கேன் சார்."

தேர்வாளரம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "தகவல் உண்மைதான்னு உறுதி ஆகலைன்னா இதை நான் ஏத்துக்க முடியாதும்மா. ரெண்டு வருஷப் படிப்பு வீணாப் போயிடும்."

"தெரியும் மேடம். ஃபெயில் போட்டாலும் பேர் சொல்ல மாட்டேன்."

குரல் பிசிறவில்லை. ஆறு வரிசை தள்ளித்தான் நான் இருந்தேன். தலையைத் திருப்பி ஒரு பார்வை பார்த்திருந்தால் போதும், எல்லாருக்கும் புரிந்திருக்கும். அவள் திரும்பவே இல்லை. இவள் என் மனைவி என்று ஊருக்கே கேட்கக் கத்த வேண்டும்போல் இருந்தது.

எழுந்தேன். "அந்த இருபத்துமூணு நான்தாங்க. சான்றிதழ் எங்க வீட்டுச் சுவத்துல தொங்குது. படிவத்துல ஒரே கோடு இழுத்தவனும் நான்தான்."

அவள் அப்போதுதான் திரும்பினாள்.

சுவரிலிருந்த சிலிண்டரை இறக்கி, வளையத்தைப் பிடுங்கி, குழாயை நீட்டினேன். "இப்ப தெரியும். இவங்க படிச்ச படிப்பால தெரியும். அழுத்திக் காட்டட்டுங்களா?"

மேலாளர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். "வேணாம், வேணாம்" என்று சிரித்துவிட்டு, தேர்வாளரம்மா அறிக்கையில் கையெழுத்துப் போட்டார்.

அந்தக் கண்ணாடிச் சட்டம் அதே சுவரில்தான் இருக்கிறது. உள்ளே சான்றிதழ் இல்லை. அவள் அறிக்கையின் நாற்பத்தோராம் பக்கம் இருக்கிறது. 'பணியாளர் 23: அணைக்கவில்லை.' யார் அது என்று வருகிறவர்கள் கேட்பார்கள்.

"நான்தான்" என்பேன். "எழுதினது என் பொண்டாட்டி."