நாலாவது டாங்

மஸூத் கேட்டதும் திருவேங்கடம் சரி என்று சொல்லிவிட்டான். கொஞ்சம் யோசித்துச் சொல்லியிருக்கலாம்.

"சோஹலு மீன நீ எடுத்துகினு போய்டு மாமே."

"சரி பாய்."

"உன் தொட்டியிலயே உடு. கடையில குடுத்துடாத."

"குடுக்க மாட்டேன்."

மஸூத் ஆக்சிஜன் முகமூடியை விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"சாவப் போறவன்கிட்ட இன்னாத்துக்குடா பொய் சொல்ற?"

மூன்றாம் நாள் காலையில் இறந்துபோனான். நுரையீரல். ஐம்பத்து மூன்று வயது.

இருவரும் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரே கம்பெனியில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தவர்கள். அதற்கு முன்பு மஸூத் ஜித்தாவில் இருந்தான். அங்கே மீன் மார்க்கெட்டில் சோஹலைக் கூறுகட்டி விற்பார்கள், வாங்கிப் போய் வறுத்துத் தின்பார்கள் என்பான். எட்டு வருடத்துக்கு முன்னால் அதே மீன் விரல் நீளத்தில் கொளத்தூர் கடைக்கு வந்தது. வாங்கினான். பூந்தமல்லி வீட்டில், ஹால் சுவரோடு சேர்த்துக் கட்டிய உப்புத் தண்ணீர்த் தொட்டியில் விட்டான். ஒரு வருடத்தில் அது மற்ற மீன்களைத் தீர்த்துக்கட்டியது. பிறகு தனியாக வளர்ந்தது. இப்போது ஒரு அடி. உடம்பெல்லாம் நீலமும் வெள்ளையுமாக மெல்லிய கோடுகள். வாலின் அடியில் இரண்டு பக்கமும் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பட்டை, அதில் மடக்குக் கத்தி மாதிரி ஒரு முள். டாங் வகை மீன் எல்லாவற்றுக்கும் அந்த முள் உண்டு. பெரும்பாலானவை அதை மடக்கியே வைத்திருக்கும்.

மேனாம்பேட்டில் திருவேங்கடத்தின் வீட்டு ஹாலில் ஏழு அடித் தொட்டி. அதில் மூன்று டாங். ஒன்று மஞ்சள், ஒன்று நீலம், மூன்றாவது பாறையில் படிந்த பாசியைச் சுரண்டித் தின்னும் பழுப்பு. ஐந்து வருடமாக ஒரு செதில் உதிரவில்லை. மூன்றையும் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவன் மஸூத்தான். கொளத்தூரில் ஒவ்வொரு தொட்டிக்கு முன்னாலும் அரை மணி நேரம் குந்தியிருந்தான்.

"ஒரே சாடையில ரெண்டு வேணாம். ஒரே தீனிக்கு அடிச்சிக்கிற மாதிரியும் வேணாம். மூணையும் ஒரே நாள்ல உடு. எதுவும் தன்ன ஊட்டுக்காரன்னு நெனைச்சிக்கக் கூடாது."

"உன் சோஹலு மாதிரி ஒண்ணு போட்டா?"

"போடு. அப்பால ஒரு மீனுக்குத்தான் தீனி வாங்குவ. செலவு மிச்சம்."

மஸூத்துக்குத் தெரியும். திருவேங்கடத்துக்கும் தெரியும். இருவருக்கும் தெரிந்த ஒன்றைத்தான் அவன் ஆஸ்பத்திரியில் கேட்டான்.

மஸூத்தின் மனைவி மஹ்பூபா, புருஷன் இறந்த துக்கம் காக்க இத்தாவில் உட்கார்ந்தாள். நான்கு மாதம் பத்து நாள். வெளி ஆண்கள் முகம் பார்க்கக் கூடாது. திருவேங்கடம் புதன்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் போய்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டான். கண்ணாடியைத் துடைப்பான், தண்ணீரை மாற்றுவான், குளிரூட்டி ஓடுகிறதா என்று கை வைத்துப் பார்ப்பான். கடற்பாசித் தாளைக் கிழித்து நீட்டினால் சோஹல் வந்து பிடுங்கிக்கொண்டு போகும். டீ ஏற்கெனவே டீப்பாய் மேல் இருக்கும். குரல் மட்டும் உள் கதவுக்குப் பின்னாலிருந்து வரும்.

"பெங்களூருக்குத் தங்கச்சி ஊட்டுக்குப் போறேண்ணே. இத்தா முடிஞ்சதும். இந்த ஊட்ட இடிச்சிப் பங்கு பிரிக்கறாங்க."

"எப்பம்மா?"

"அடுத்த மாசம். மீனு உங்க மீனுங்களோட சேருமாண்ணே?"

அவன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"சேரும்மா."

"அவரு சேராதுன்னுவாரே."

"வயசாயிடுச்சில்ல. அடங்கிடுச்சு."

"அப்ப சரி" என்றது கதவு.

வீட்டில் மனைவி சரசா ஒத்துக்கொள்ளவில்லை. தனியாக இன்னொரு தொட்டி வைக்கலாமா என்றுதான் அவன் முதலில் கேட்டான்.

"அதுக்கு ஒரு தொட்டி, இதுக்கு ஒரு தொட்டி. நாம ரெண்டு பேரும் மாடியில தண்ணி டேங்குல படுத்துக்கலாமா?"

"வேற இன்னா பண்றது?"

"கடல்ல கொண்டு போய் உடு."

"இந்தக் கடல் மீனு இல்லடி அது. செங்கடல்."

"மீனுக்கு பாஸ்போர்ட்டா கேக்கறாங்க?"

அவன் சிரிக்கவில்லை. அவளும் பிறகு சிரிக்கவில்லை.

"கொளத்தூர் கடையில குடுத்துடு. அவருக்குத் தெரியவா போவுது?"

"தெரியாது."

"அப்பறம் இன்னா?"

கடையில் கொடுத்தால், பொய் சொல்கிறாய் என்று மஸூத் சொன்னது சரி என்றாகிவிடும். அதை மாற்றிச் சொல்ல மஸூத் திரும்பி வரமாட்டான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தொட்டித் தண்ணீரை முக்கால்வாசி இறைத்துவிட்டு மீனைப் பிடித்தான். வலையில் முள் மாட்டிக்கொள்ளும் என்பதால் பிளாஸ்டிக் டப்பாவில் ஒதுக்கித் தூக்கினான். கடைசி நேரத்தில் அது வாலை வீசியது. உள்ளங்கை கிழிந்தது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு ஏதோ முனகினான். கதவின் அடியில் கிழித்த வெள்ளைத் துணி ஒன்று நகர்ந்து வந்தது.

"அவருக்கும் ரெண்டு தரம் அப்படித்தாண்ணே" என்றாள் மஹ்பூபா.

நீல டிரம்மில் தண்ணீர், பேட்டரியில் ஓடும் காற்று பம்ப். ஆட்டோக்காரர் திருவேற்காடு தாண்டும்வரை அது நண்டா என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

திருவேங்கடம் தெரிந்ததெல்லாம் செய்தான். பழைய மீன்களுக்கு இடம் மறந்துபோகட்டும் என்று பாறைகளைக் கலைத்து வேறு மாதிரி அடுக்கினான். ஓட்டை போட்ட கண்ணாடிப் பெட்டிக்குள் சோஹலை விட்டு, பெட்டியைத் தொட்டிக்குள் இறக்கினான். இரண்டு வாரம் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தால் பழகிவிடும் என்பார்கள். தொட்டிக்கு வெளியே ஒரு பக்கம் முகம் பார்க்கும் கண்ணாடியை ஒட்டினான். சண்டைக்கார மீன் தன் நிழலோடு மல்லுக்கட்டிக்கொண்டு மற்றதை விட்டுவிடும் என்பது கணக்கு.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை திறந்துவிட்டான். அன்று முழுக்க அது கண்ணாடியில் தெரிந்த மீனை மோதிக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை மோதுவதை நிறுத்திவிட்டது.

செவ்வாய்க்கிழமை வேலையிலிருந்து வந்தபோது மஞ்சள் டாங் அடியில் பக்கவாட்டில் கிடந்தது. வயிற்றில் நேர்க்கோடாக ஒரு வெட்டு. வெள்ளிக்கிழமை பழுப்பைத் தொட்டியில் காணவில்லை. தொட்டிக்குப் பின்னால், சுவரோரம், காய்ந்து விறைத்துக் கிடந்தது. துரத்தல் தாங்காமல் எகிறி விழுந்திருக்கிறது. சரசா அதை முறத்தில் எடுத்துக்கொண்டு போனாள்.

நீலம் மட்டும் மிச்சம். இரண்டு பாறைக்கு இடையில் செருகிக்கொண்டு வெளியே வரவில்லை, தின்னவில்லை. வால் துடுப்பு பாதி கிழிந்திருந்தது. அவன் அதைப் பிடித்துப் பெட்டிக்குள் போட்டான். இரண்டடிப் பெட்டி. நீலம் நீண்ட தூரம் நீந்துகிற மீன். நாலு விசிறலில் சுவர் இடித்தது. திரும்பியது, மறுபடி இடித்தது.

பெட்டிக்கு வெளியே சோஹல் சுற்றிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை விடுமுறை. திருவேங்கடம் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தான். இரண்டில் ஒன்று போக வேண்டும். டப்பாவை எடுத்தான். சோஹலை ஒதுக்குவதற்காக ஒரு துண்டு கடற்பாசித் தாளைத் தண்ணீரில் பிடித்தான். அது நேராக வந்து விரலுக்குப் பக்கத்தில் நின்று தின்றது. பயப்படவில்லை. டப்பா அதற்குக் கீழேதான் இருந்தது. தூக்கினால் போதும்.

அவன் தாள் தீரும்வரை பிடித்துக்கொண்டிருந்தான். பிறகு டப்பாவைப் பெட்டிக்குள் விட்டு நீலத்தை அள்ளினான்.

சரசா வாசலில் நின்றாள்.

"அதையா எடுத்துகினு போற?"

"ஆமா."

"அது இன்னா பண்ணிச்சு?"

அவன் பையை ரப்பர் பேண்டால் கட்டிக்கொண்டிருந்தான். பைக்குள் மீன் அசையாமல் நின்றது.

கொளத்தூரில் கடைக்கார வெங்கட் பையை ட்யூப் லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தான். அவனிடம்தான் அந்த மூன்றையும் வாங்கியிருந்தார்கள்.

"இன்னாண்ணா, வாலு இப்படிக் கிழிஞ்சிருக்கு?"

"பாறையில மாட்டிகிச்சு."

"நல்ல மீனாச்சே. இன்னாத்துக்குத் தர்ற? பாய் சண்டை போடப் போறாரு."

"பாய் போய்ட்டாரு."

வெங்கட் பையைக் கீழே இறக்கினான். "தெரியாதுண்ணா." பிறகு கேட்டான்: "எதோட போடலாம் இத?"

"எதோட வேணா போடு. யாரையும் ஒண்ணும் பண்ணாது."

வெங்கட் மூலையிலிருந்த இரண்டடித் தொட்டியின் மூடியைத் திறந்து பையைக் கவிழ்த்தான். அதில் ஏற்கெனவே ஒரு நீல டாங் இருந்தது. இதைவிடப் பெரியது. உடனே பக்கவாட்டில் திரும்பி, துடுப்பை விரித்து, வால் முள்ளைக் காட்டி நின்றது.

திருவேங்கடம் பார்த்தான். ஒரே சாடையில் இரண்டு வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஆறு மணிக்கு சோஹலுக்குத் தீனி வைக்க வேண்டும். வெளியே வந்து வண்டியை எடுத்தான்.