நாலு மணி லைவ்

அப்பாவின் சவப்பெட்டி பதுளையிலிருந்து வந்து சேர்வதற்குள் தோட்டத்தின் மூன்று லயத்து வீடுகளுக்கும் ஏறி இறங்கிவிட வேண்டும் என்று சிவசக்தி அறுந்த செருப்போடு ஓடிக்கொண்டிருந்தாள். செத்த வீட்டு மகள் மூலையில் விழுந்து கிடக்க வேண்டிய நேரம். அவளோ கதவு கதவாகத் தட்டி, எல்லோரிடமும் ஒன்றையே கேட்டாள். ஆறரை மணிவரைக்கும் யாரும் பேஸ்புக்கில் எதுவும் போட வேண்டாம். அப்பா படம் வேண்டாம், விளக்கு வேண்டாம், கண்ணீர் அஞ்சலி வேண்டாம்.

"ரிஷிக்கு இன்னும் சொல்லலைங்க. வாசிச்சு முடிச்சதும் நானே சொல்லிருவேன்."

எல்லோரும் தலையாட்டினார்கள். வாலிபர் சங்கத்தார் காலையிலேயே செய்து வைத்திருந்த அஞ்சலிப் படத்தைக்கூடப் போடாமல் நிறுத்திக்கொண்டார்கள். மனிதர்கள் நல்லவர்கள்தான், அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

தம்பி ரிஷி கொழும்பில் போன் கடையில் வேலை செய்கிறான். வேலை முடிந்தால் கிட்டார். நாலு பேராகச் சேர்ந்து ஹெவி மெட்டல் குழு ஒன்று வைத்திருக்கிறார்கள். முடியை விரித்துப் போட்டுக்கொண்டு அவர்கள் போடும் சத்தத்தைக் கேட்டு லயத்தில் சிரிக்காத ஆள் கிடையாது. சிரிக்காதவர் அப்பா வீரய்யா மட்டும்தான். முப்பத்தோரு வருஷம் தேயிலை ஃபெக்டரியில் ரோலர் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றே அவருடைய காது போய்விட்டது. கோயில் நாதஸ்வரம் கேட்காது, ரேடியோ கேட்காது. ரிஷி கிட்டாரை ஸ்பீக்கரில் மாட்டி அடித்தால் மட்டும் மனிதர் நிமிர்ந்து உட்காருவார். "இவன் ஒருத்தன் வாசிக்கிறதுதான்டி எனக்குக் கேக்குது" என்பார். அதில் அவருக்கு அப்படியொரு பெருமை.

அந்த நாலு பேரும் இன்று அறுபது பேர் கொண்ட சிம்பொனி குழுவோடு சேர்ந்து ஒரே மேடையில் வாசிக்கிறார்கள். ஒரு வருஷமாக அதற்குத்தான் பழகினார்கள். செவ்வாய்க்கிழமை அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து பதுளை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, ரிஷியிடம் வாய்வுக் கோளாறு என்று சொல்லச் சொன்னவரே அவர்தான். வியாழக்கிழமை மகளைப் பக்கத்தில் கூப்பிட்டார். அவருக்குக் காது கேட்காததால் மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு வார்டு முழுவதும் கேட்கச் சொன்னார்.

"எனக்கு என்ன ஆனாலும் சனிக்கிழமை அவன் வாசிச்சு முடிக்கணும். அதுக்கு முன்னால ஒரு வார்த்த சொல்லக்கூடாது."

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவர் போய்விட்டார். பத்து மணிக்கு ரிஷியிடமிருந்து போன் வந்தது. ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் நின்றபடி சிவசக்தி, அப்பாவுக்கு இப்போதுதான் கஞ்சி கொடுத்தேன் என்றாள். கஞ்சி என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. நாலு மணிக்கு லைவ் போகும், அப்பாவுக்குப் பெரிய சத்தத்தில் வைத்துக் காட்டு என்று சொல்லிவிட்டு அவன் வைத்தான்.

அம்மா இராக்கம்மாவுக்கு இதில் சம்மதமே இல்லை. பெற்ற பிள்ளைக்குச் சொல்லாமல் மறைப்பது பாவம் என்று பெட்டி வந்து இறங்கும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். அடக்கம் நாளைக்குத்தானே, ராத்திரி வண்டி பிடித்தால் விடிவதற்குள் வந்துவிடுவான், கொள்ளிக்குடம் தூக்குவதற்கு என்ன குறை வந்துவிடப் போகிறது என்று சிவசக்தி சொன்னாள். அப்பா சொன்னதைத்தான் செய்கிறோம் என்று மகள் தனக்கும் சொல்லிக்கொண்டாள். ஆனாலும் பயமாக இருந்தது.

நாலு மணிக்கு வாசலில் வெள்ளைக் கொடி கட்டியாயிற்று. மரண ஆதார சங்கத்தின் பிளாஸ்டிக் நாற்காலிகள் நிறைந்துவிட்டன. பேஸ்புக்கில் போடக்கூடாது என்றுதான் சொன்னாளே தவிர, பார்க்கக்கூடாது என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லத் தோன்றவும் இல்லை. முதலில் ஒருவர் போனைத் திறந்தார், பிறகு இன்னொருவர். கடைசியில் தப்பு அடிப்பவர்களே கையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள்.

மேடையில் ரிஷி கறுப்புச் சட்டையில் நின்றான். அவனுக்குப் பின்னால் வரிசை வரிசையாக வயலின்கள். கிட்டார் உறுமத் தொடங்கியபோது இது தெரிந்த சத்தம்தானே என்று சிவசக்தி நினைத்தாள். அதற்கு அடியிலிருந்து அத்தனை வயலினும் ஒன்றாக எழும்பி வந்தபோது அவள் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அம்மா போனை வாங்கிப் பெட்டிக்குள் அப்பாவின் காதுப் பக்கம் சாய்த்து வைத்தாள்.

"சத்தத்தக் கூட்டுடி. அவருக்குக் கேக்காது."

சிவசக்தி கூட்டினாள். அப்போதுதான் படத்துக்குக் கீழே அந்த வரியைக் கண்டாள். கட்டாரில் இருக்கும் நல்லையா மாமா எழுதியிருந்தார். 'மருமகனே, அப்பாவின் ஆத்மா சாந்தியடையட்டும். தைரியமாக வாசி.' இங்கே இருக்கும் மாமி போனில் சொல்லியிருக்க வேண்டும். எல்லாம் தெரிந்தும் பிள்ளை மனதைக் கல்லாக்கிக்கொண்டு நிற்கிறான் என்று அவருக்கு நெஞ்சு உருகியிருக்க வேண்டும்.

துக்கம் விசாரிக்காமல் இருப்பதைப் போன்ற குற்றம் தோட்டத்தில் வேறு இல்லை. தாய்மாமனே கேட்டுவிட்ட பிறகு மற்றவர்கள் பேசாமல் இருந்தால் என்ன மரியாதை? அடுத்த வரி வந்தது. அதற்கடுத்தது. கும்பிட்ட கைகள் வந்தன. நிமிர்ந்து பார்த்தால், முற்றத்து நாற்காலிகளில் குனிந்த தலைகளும் அசையும் கட்டைவிரல்களும். இந்த வாசலில் உட்கார்ந்துகொண்டே ரிஷியிடம் அனுதாபம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அவள் ஒவ்வொருவரிடமும் போய் அழிக்கச் சொன்னாள். மாமாவே போட்டதால் தம்பிக்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்தோம் என்றார்கள். பதறிப்போய் அழிக்கவும் செய்தார்கள். ஒன்றை அழிப்பதற்குள் பசறையிலிருந்தும் லுணுகலையிலிருந்தும் பத்து வந்தது. பக்கத்து வீட்டுப் போனை வாங்கி மாமாவைக் கூப்பிட்டாள்; மணி அடித்துக்கொண்டே இருந்தது, அவர் எடுக்கவில்லை. அதே போனோடு தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரைக்கு ஓடி, ரிஷியின் வாசிப்பைப் பார்க்கப் போயிருந்த அவனுடைய சிநேகிதன் அஜந்தனைப் பிடித்தாள்.

"அஜந்தன், லைவ்ல வர்றத எல்லாம் நிப்பாட்டச் சொல்லுப்பா. பாட்டு முடிஞ்சதும் அவன் போன எடுத்துப் பாத்துருவான்."

அஜந்தன் கூட்டத்திலிருந்து ஒதுங்கி வந்து பேசினான்.

"அக்கா, அது போன்ல மட்டும் வரல. மேடைக்குப் பின்னால பெரிய ஸ்கிரீன் இருக்கு. அதுலயும் ஓடுது."

"ரிஷி பாத்துட்டானா?"

"ஸ்கிரீன் அவன் முதுகுப் பக்கம்க்கா. அவன் எங்களப் பாத்து நிக்கிறான். ஆனா இங்க எல்லாரும் வாசிச்சிட்டாங்க."

நிறுத்தச் சொல்லப் போகிறேன் என்று அவன் ஓடும் சத்தம் கேட்டது. பிறகு லைன் அறுந்தது. சிவசக்திக்குச் செய்வதற்கு ஒன்றும் மிச்சம் இருக்கவில்லை. எட்டு மணி நேரப் பயணத்துக்கு அப்பால் அவன் நிற்கிறான். திரும்பி நடந்து வந்து பெட்டியோரம் அம்மாவை ஒட்டி உட்கார்ந்தாள்.

பாட்டு முடிந்தது. கேமரா மண்டபத்துப் பக்கம் திரும்பியது. விசிலடிக்க வந்த கூட்டம் விசிலடிக்கவில்லை. முன்வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்றாள். அவளுக்குப் பக்கத்தில் இரண்டு பேர். பிறகு பின்வரிசை, அதற்கும் பின்னால் மாடி. கை தட்டாமல் மண்டபம் முழுவதும் எழுந்து நின்றது.

கேமரா மேடைக்குத் திரும்பியபோது ஸ்கிரீன் இருண்டிருந்தது. வயலின்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ரிஷி கூட்டத்தைக் கீழிருந்து மேல்வரைக்கும் பார்த்தான். அவனுக்காக யாரும் இப்படி எழுந்து நின்றதில்லை. பல் முழுவதும் தெரியச் சிரித்தான். நெஞ்சில் கை வைத்து இடுப்புவரை குனிந்து கும்பிட்டான்.

எழுத்துக்கூட்டத் தெரியாத அம்மா பெட்டிக்குள் குனிந்தாள்.

"எல்லாரும் எந்திரிச்சி நிக்கிறாங்கங்க."

சிவசக்தி போனை அணைக்கக் கையை நீட்டினாள். அம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். மேடையில் ரிஷி மைக்குக்குக் கிட்ட வந்து, இன்னும் ஒன்று என்று ஒற்றை விரலைத் தூக்கிக் காட்டினான்.