சுவரில் படிந்த மூச்சு

ஆடி பிறந்ததும் சிந்துவின் படுக்கையறைச் சுவர் வேர்க்கத் தொடங்கியது. அடுகோடியில் ஒரு வீட்டின் கீழ்ப்பகுதியில் அவள் தனியாகக் குடியிருந்தாள். மாடியில் வீட்டுக்காரர் கோவிந்தப்பா. மனைவி பாகீரதி இறந்தபின் அவரும் தனிதான். சாரல் விடாததால் துணிகளை அறைக்குள்ளேயே கொடி கட்டிக் காயவைத்தாள் சிந்து. பட்டுப்புடவையில் பூஞ்சை பூத்த பிறகுதான் பெயின்டர் ஃபிராங்க்ளினைக் கூப்பிட்டாள்.

அவர் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, கட்டிலை ஒட்டி ஒரு பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டினார்.

"தாளுக்குப் பின்னாடி தண்ணி நின்னா சுவருக்குள்ள ஓதம் ஏறுதுன்னு அர்த்தம் மேடம். முன்னாடி நின்னா ரூம் காத்துல இருக்கிற ஈரம். ஈரத்துணி, சமையல் ஆவி, நம்ம மூச்சு. அதுன்னா ஈசி."

மறுநாள் காலை தாளின் முன்பக்கம்தான் பனித்திருந்தது. சிந்து கொடியை மொட்டைமாடிக் கூரைக்கடியில் மாற்றினாள். சமையலறைக்கு எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டாள். கட்டிலை நகர்த்தினாள். காலையும் மாலையும் ஜன்னலைத் திறந்து வைத்தாள். அறை முழுக்கக் காய்ந்தது, தாளில் ஒரு இடத்தைத் தவிர. தலையணை உயரத்தில், உள்ளங்கை அளவுக்கு வெள்ளையாக ஒரு பனிப்பு. காலையில் துடைத்துவிட்டுப் போவாள். எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை முடிந்து திரும்பும்போது மறுபடி இருக்கும், பகலெல்லாம் பூட்டிக் கிடந்த வீட்டில்.

ஃபிராங்க்ளினுக்கு போன் செய்தாள்.

"பகல்ல வீட்ல யாரு மேடம்?"

"யாருமில்ல."

"எதுக்கும் பூட்ட மாத்திடுங்க," என்றார்.

பூட்டை மாற்றுவதற்கு முன்பே, ஒருநாள் காய்ச்சலென்று மதியமே வீடு திரும்பினாள். கதவு வெறுமனே சாத்தியிருந்தது. படுக்கையறை வாசலருகே தரையில் கோவிந்தப்பா உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் எழ முயன்று, முடியாமல் மறுபடி உட்கார்ந்தார்.

"எப்படி சார் உள்ள வந்தீங்க?"

"எங்கிட்ட ஒரு சாவி இருக்கும்மா. தப்புதான்."

"அந்த ஈரம் உங்களாலயா? இங்க வந்து படுத்துக்குவீங்களா?"

அவர் தலையசைத்து மறுத்தார். "பாகீரதி இந்த ரூம்லதான் கிடந்தா. மூச்சு வாங்கும். சுவர் சில்லுனு இருக்குன்னு அந்தப் பக்கமே திரும்பிப் படுப்பா. பைப் லீக்கான்னு பாக்க ஒருநாள் வந்தேன். அப்பவே இது இருந்துச்சு. நான் கிட்டக்கூடப் போறதில்ல. பேஜார் பண்ணிக்காதம்மா, மனசுல வெச்சுக்காத. பாத்துட்டுப் போயிடறேன்."

சிந்து திரும்பிப் பார்த்தாள். அந்தப் பனிப்பு மெல்ல விரிந்தது. பிறகு ஓரங்களிலிருந்து சுருங்கியது. கொஞ்சம் தயங்கி, திரும்பவும் விரிந்தது. ஃபேன் ஓடவில்லை. ஜன்னல் சாத்தியிருந்தது. தன்னையறியாமல் கிட்டே போய்க் கையை நீட்டினாள். உள்ளங்கையில் வெதுவெதுப்பாக ஏதோ பட்டு விலகியது.

காய்ச்சல் என்று சொல்லிக்கொள்ளப் பார்த்தாள். முடியவில்லை.

"சாவியைக் குடுங்க சார்."

எடுத்துக் கொடுத்தார்.

அன்றே தாளைக் கிழித்தெடுத்தாள். ஜன்னல்களை அகலத் திறந்து, டேபிள் ஃபேனைச் சுவரைப் பார்க்க வைத்து ஓடவிட்டாள். ஆடிக்காற்று வீட்டுக்குள் புகுந்து புறப்பட்டது. வாரக்கடைசிக்குள் சுவர் சுண்ணாம்பாய் உலர்ந்துவிட்டது. ஆனாலும் அந்தப் பக்கம் பார்க்கும்போதெல்லாம், உடம்பு முடியாத ஒருவரை மழையில் வெளியே அனுப்பிவிட்டது போலிருந்தது அவளுக்கு.

ஞாயிற்றுக்கிழமை காலை, வீட்டைக் காலி செய்வதாகச் சொல்ல மாடி ஏறினாள். கோவிந்தப்பா சவரம் செய்து, வெளுத்த சட்டை போட்டிருந்தார். வீட்டில் எல்லா ஜன்னல்களும் இறுகச் சாத்தியிருந்தன. உள்ளே காற்று கனத்துக் கிடந்தது. அவருடைய கட்டில் சுவரோடு ஒட்டியிருந்தது. அதில் இரண்டு தலையணைகள். சுவரோரத் தலையணைக்கு நேரே சுவர் நனைந்து மின்னியது.

"மேல வந்துட்டாம்மா," என்றார் தாழ்ந்த குரலில். "அந்தப் பெயின்டரை மட்டும் இங்க அனுப்பிடாதே."

சிந்து சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. வெளியே வந்து, காற்று புகாதபடி கதவை மெதுவாகச் சாத்தினாள்.