கிளாகி என்றால் அழுக்கு இல்லை

டாரீன் ஹெட்லி எங்கள் சூளையில் பன்னிரண்டு வருடம் கல் வண்டி தள்ளினாள். தோள்பட்டை போய்விட்டது. களிமண்ணை அச்சில் அடித்துக் கல் அறுக்கும் மேசைக்கு மாற்ற ஒரு வாரம் சோதனை வைத்தார்கள். வெள்ளிக்கிழமை கடைசி நாள். சாயங்காலத்துக்குள் மூலை சிதையாமல் நூறு கல் அறுக்க வேண்டும். தவறினால் திங்களன்று மறுபடி வண்டிதான். அவளுக்குப் பக்கத்து மேசை என்னுடையது.

காலையில் களிமண்ணை அள்ளியதுமே சொன்னாள்: "இன்னைக்கு மண்ணு கிளாகியா இருக்கு."

புது மேற்பார்வையாளன் லயனல் இங்கிலாந்தின் தெற்குப் பக்கத்துக்காரன். எங்கள் வடக்கத்தி டர்ஹாம் பேச்சில் 'கிளார்ட்டி' என்றால் அழுக்கு என்று முந்தாநாள்தான் கற்றிருந்தான். இதுவும் அதுதான் என்று நினைத்து, மண், மேசை, அச்சு எல்லாவற்றையும் கழுவத் தண்ணீர்க் குழாயைப் பிடித்துவிட்டான். மண் ஒட்டாமலிருக்க அச்சில் தூவியிருந்த மணலும் போயிற்று.

அதற்குப்பின் கல் ஒழுங்காக விழுவதே அரிதாயிற்று. அச்சைக் கவிழ்த்தால் பாதி உள்ளேயே நின்றது. மத்தியானம் வரை தேறியது பதினொரு கல்.

"கை சரியில்ல போல" என்றான் லயனல்.

"கையா? வெளிய வா செல்லம்."

முற்றத்துச் சேற்றில் அவனை நடக்கவிட்டாள். பூட்ஸ் மேல் தண்ணீர் ஊற்றினாள். சேறு போய்விட்டது.

"இது கிளார்ட்டி. இப்ப அந்த மண்ணுக் குவியல்ல ஏறு."

ஏறினான். காலைத் தூக்கினான். கால் வந்தது, பூட்ஸ் வரவில்லை. ஓட்டைக் காலுறையோடு ஒற்றைக்காலில் நின்றான்.

"இது கிளாகி. புடிச்சா விடாது. இதுக்குப் போய் தண்ணி ஊத்தினியே!"

"பெண்டாட்டிகிட்ட காலுறையத் தைக்கச் சொல்லுப்பா!" என்று கத்தினேன். முற்றமே சிரித்தது. அவனுக்குக் காது சிவந்துவிட்டது. ஆனாலும் ஆள் மோசமில்லை. பூட்ஸைப் பிடுங்க முடியாமல் அப்படியே உள்ளே போய்ச் சோதனைக் கணக்குத் தாளை எடுத்தான்.

"தப்பு என்னோடது. காலைக் கணக்கு வேணாம். சோதனைக்குத் திங்கக்கிழமை முழுநாள் எடுத்துக்கோங்க. இப்ப என்ன செய்யணும்?"

"காஞ்ச மண்ணு கொண்டா. மணலும்."

அவனே சுமந்து வந்தான். டாரீன் பிசைந்தாள், அச்சில் மணலைத் தூவி, மண்ணை ஓங்கி அடித்து, வழித்து, கவிழ்த்தாள். பொத்தென்று விழுந்தது. நாலு மூலையும் கத்தி மாதிரி.

லயனல் பேனாவோடு குனிந்தான். "இதுக்கு உங்க பேச்சுல என்ன பேரு?"

"செங்கல்" என்று சொல்லிவிட்டு, டாரீன் அடுத்த உருண்டையை எடுத்தாள்.