பாஸ்டருக்கு வேண்டிய மைக் செட்

எண்பத்திரண்டாம் வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. சாரா வலிப்பு மாத்திரை சாப்பிட்டு ஆறு நாள் ஆகியிருந்தது. முள்ளிப்பட்டில் பட்டு நெய்பவள் அவள். முந்தின நாளே தறியில் நாடாவைத் தள்ளும் வலது கை தந்தியடிக்கத் தொடங்கிவிட்டது.

நிறுத்தியது அவள் இல்லை. மாமியார் சகாயம்மாள் பாட்டிலை ஒளித்துவிட்டாள். ஒளிக்கச் சொன்னவர் பாஸ்டர் பவுல்துரை. போன மாசம் ஆரணி ஜெபக்கூட்டத்தில் சாராவுக்கு வலிப்பு வந்து, கண் விழித்த பிறகும் கால் மணி நேரம் வாய் சம்பந்தமில்லாமல் பேசிற்று. வேறு இடமாக இருந்தால் கையில் இரும்புச் சாவி கொடுத்து உட்கார வைத்திருப்பார்கள். பாஸ்டர் இரண்டு கையையும் தூக்கி, "அந்நிய பாஷை! ஆவியானவர் பேசறார்!" என்றார். அதோடு விட்டாரா? அர்த்தமும் சொன்னார். சபைக்கு மைக் செட் வேண்டுமென்று கர்த்தர் கேட்கிறாராம். சபை மொத்தமே இருபத்தேழு பேர். பாஸ்டர் தும்மினாலே தெருக்கோடிக்குக் கேட்கும்.

"மாத்திரை போட்டா வரம் அணைஞ்சி பூடும்" என்று சகாயம்மாளை எச்சரித்தும் வைத்தார்.

வேலூர் டாக்டரம்மா சாராவிடம் வேறு மாதிரி சொல்லியிருந்தாள். "நெறைய பேருக்குப் பேச்சு மூளையில இடது பக்கம் இருக்கும்மா. உனக்குச் சின்ன வயசுலேர்ந்து அங்கதான் வலிப்பு கெளம்புது. அதனால பேச்சுல கொஞ்சம் வலது பக்கம் குடி போயிருக்கும்னு நெனைக்கிறேன். வலிப்பு ஓஞ்சதும் கொஞ்ச நேரம் வார்த்தை மாறி வரும். பயப்படாத. மாத்திரைய மட்டும் வுடாத."

சாராவுக்கு அது உடனே விளங்கிவிட்டது. தறியில் பூ விழ வைக்கும் ஜக்கார்டு அட்டை ஒன்று நழுவினால் நூல் அதேதான், விழுகிற பூதான் வேறு. அதற்காக யாரும் தறிக்கு முன்னால் முழங்கால் போடுவதில்லை.

இன்றைய ஆராதனைக்குப் பாஸ்டர் யாரிடமோ துபாய் டேப் ரெக்கார்டர் இரவல் வாங்கி வந்திருந்தார். சாராவைப் பாயில் முன்வரிசையில் உட்கார வைத்து, பக்கத்தில் அதை ஓட விட்டார். தனக்கு வலிப்பு வருவதற்காக இத்தனை பேர் பக்தியோடு காத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

வந்தது.

விழித்தபோது நாக்கு கடிபட்டிருந்தது, தொண்டை காய்ந்திருந்தது. சுற்றி நடப்பதெல்லாம் புரிந்தது. தண்ணீர் கேட்டாள். வாயிலிருந்து வந்ததோ தறி வார்த்தைகள், "பாவு மடி... ஊடை, ஊடை..."

"ஸ்பீக்கர் ரெண்டு!" என்று பாஸ்டர் அர்த்தம் சொன்னார். "அல்லேலூயா!" என்றது சபை.

பாஸ்டரின் மேஜைமேல் எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் இருந்தது. இடது கையை அதை நோக்கி நீட்டினாள்.

"கெழக்கால காட்றா பாருங்க! ஒண்ணு கெழக்கப் பாத்து கட்டணும்!"

அவள் அழுதாள். அதையும் ஆனந்தக் கண்ணீர் என்றார். ஒருத்தரும் டம்ளரைத் தொடவில்லை.

கொஞ்ச நேரத்தில் வார்த்தைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. "தண்ணி" என்றாள்.

"நான் கேட்டது தண்ணிதான் பாஸ்டரய்யா. போன மாசமும் அதான். மைக் செட்டு நீங்க கேட்டது."

"சாத்தான் குறுக்க பூந்து பேசறான்..."

"தெளிவா பேசினா சாத்தான், ஒளறினா கர்த்தரா? நாக்கு கிழிஞ்சி ரத்தம் வந்துகினு இருக்குது. நீங்க ஸ்பீக்கர் எண்ணிகினு இருக்கீங்க!" மாமியார் பக்கம் திரும்பினாள். "அத்த, மாத்திர எங்க?"

சகாயம்மாள் பாஸ்டரைப் பார்த்தாள். மருமகளின் வாயோரத்து ரத்தத்தைப் பார்த்தாள். இடுப்புச் சுருக்குப் பையை அவிழ்த்தாள். பாட்டில் ஆறு நாளாக அங்கேதான் இருந்திருக்கிறது.

"வீட்டுல வெச்சிட்டு வர பயமா இருந்துச்சிடி, ஒனக்கு எதுனா ஆயிட்டா..." என்றாள். பிறகு எழுந்து போய், பாஸ்டரைக் கேட்காமலே டம்ளரை எடுத்து வந்தாள்.

சாரா மாத்திரையைப் போட்டுத் தண்ணீரைக் கடைசிச் சொட்டு வரை குடித்தாள். பாஸ்டர் அவசரமாக டேப்பை நிறுத்தக் குனிந்தார்.

"ஓடட்டும் உடுங்கய்யா" என்றாள் சாரா. "நான் இப்பதான பேசறேன்."