கிளறன்ஸ் கேட்கிற ஒரே கேள்வி

கொழும்பு, கொட்டாஞ்சேனை செலீனுக்குக் கல்யாணமாகி மூன்றாம் மாதமே கிளறன்ஸ் கனடாவுக்குப் பறந்துவிட்டான். அவனிடம் போய்ச் சேர விசா வேண்டும், விசாவுக்கு நேர்முகம். அதில் கோட்டை விட்டால் இன்னும் எத்தனை வருஷம் அம்மா வீட்டில் தனியாகக் கிடப்பதோ, அந்தோனியாருக்குத்தான் வெளிச்சம். சண்டைக் காலத்தில் நாட்டை விட்டு வெளிக்கிடாதவர் யார்? விசாவுக்காகச் செய்த கள்ளக் கல்யாணமாக இருக்குமோ என்று விசாக் கந்தோரில் துருவித் துருவிக் கேட்கிறார்களாம்.

அதனால்தான், வழிநெடுக ஆமிக்காரருக்கு அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு, வெள்ளவத்தையில் ஹெக்டர் மாஸ்டரின் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குப் போய்வந்தாள். 'ஹீ சே மீ' என்று அவள் வாய் திறந்தாலே மாஸ்டருக்குத் தலையிடி வரும்.

"இஞ்ச பாருங்கோ செலீன். ஒரு பாஷையில ஸ்பீக் பண்ணுறது. ரெண்டு பேர் இருந்து கதைச்சா டோக். வாயில வந்த சொல்லுக்கு சே. ஆருக்குச் சொன்னனீங்களோ அந்த ஆளையும் சேர்த்தால் டெல். விளங்குதா?"

"விளங்குது சேர்." பஸ் ஏறும்வரை விளங்கித்தான் இருந்தது.

"புருஷனோட என்ன கதைக்கிறனீங்கள் எண்டு கட்டாயம் கேப்பினம். 'வீ டோக் அபவுட் அவர் பியூச்சர்.' எல்லாருக்கும் இதைத்தான் குடுத்தனான். பாடமாக்குங்கோ."

எதிர்காலமாவது மண்ணாங்கட்டியாவது! ஞாயிறு பூசை முடிந்ததும் சந்தியில் மஹ்ரூப் நானாவின் டெலிபோன் கடைக்குப் போவாள். கிளறன்ஸ் கனடாவிலிருந்து அங்கே போன் எடுப்பான். அவனுக்குக் குரல்தான் பெரிது, பேச்சு வராது. "சாப்பிட்டியா?" என்பான். கடை முழுக்கக் கேட்கும். "ஓம்" என்பாள். அதற்குப் பிறகு இரண்டு பேரும் ரிசீவரைப் பிடித்தபடி சும்மா நிற்பார்கள்.

"என்ன புள்ள, லைன் கட்டாயிட்டா?" என்று நானா எட்டிப் பார்ப்பார்.

"இல்ல நானா, இருக்கிறார்."

நேர்முகத்துக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று கேட்டபோது, கெட்டிக்காரி, வேண்டாம் என்றுவிட்டாள். கல்யாண அல்பத்தைப் புரட்டிய அதிகாரி, மாஸ்டர் சொன்னபடியே கேட்டார். செலீனும் மூச்சு விடாமல் ஒப்பித்தாள்.

"வீ டோக் அபவுட் அவர் பியூச்சர்."

அவர் பேனையை மேசையில் வைத்துவிட்டார். காலையிலிருந்து வந்த பெண்கள் எல்லாரும் இதையே, இந்தச் சொல்லிலேயே சொன்னார்கள் என்றார். கோபமில்லை, களைப்புத்தான். மாஸ்டர் குடும்பத்தையே கெடுத்துவிட்டாரே! போகிற விசா உண்மையைச் சொல்லியே போகட்டும் என்று துணிந்துவிட்டாள்.

"சேர், ஹீ டஸ் நொட் டோக்."

அதிகாரி நிமிர்ந்தார்.

"ஹீ செய்ஸ், 'சாப்பிட்டியா?' ஐ டெல் ஹிம், 'ஓம்.' தென்... நோ டோக். ஒன்லி போன்." ரிசீவரைப் பிடிப்பதுபோலக் கையைக் காதில் வைத்துக் காட்டினாள். அந்தக் கை அங்கேயே நின்றுவிட்டது. கண்ணும் நிறைந்துவிட்டது.

சாப்பிட்டியா என்றால் என்ன என்று கேட்டார். சொன்னாள். ஒவ்வொரு முறையும் புருஷன் இதைத்தான் கேட்பாரா என்றார்.

"எவ்ரி சண்டே, சேர்."

அவர் சிரித்துக்கொண்டு பேனையை எடுத்தார்.

அடுத்த ஞாயிறு நானாவின் கடையில் நிற்க இடமில்லை. விசா சங்கதி தெருவுக்கே தெரிந்திருந்தது, கிளறன்ஸுக்கு மட்டும்தான் தெரியாது. போன் அடித்தது.

"விசா கிடைச்சிட்டுது," என்றாள் செலீன்.

மறுபக்கம் சத்தமே இல்லை. இந்த முறை நானா லைனைப் பற்றிக் கேட்கவில்லை, தன் மூக்கைத் துடைத்துக்கொண்டு நின்றார். கடைசியில் அந்தப் பெரிய குரல், உடைந்துபோய், கடை முழுக்கக் கேட்டது.

"சாப்பிட்டியா?"

செலீனால் வாய் திறக்க முடியவில்லை. அவளுக்காகக் கடையிலிருந்த அத்தனை பேரும் சேர்ந்து சொன்னார்கள்:

"ஓம்!"